புழுதி நிற ஓரம்

அன்புள்ள தர்ஷினி,

நேற்றுக் காலை கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். “எந்தப் பக்கம்ப்பா நனையும்?” நான் பதில் சொல்லவில்லை. நீ காத்திருந்தாய். உன் கையிலிருந்த, வர்ணம் ஊதும் ஏர்பிரஷ்ஷிலிருந்து வர்ணம் இல்லாத வெறும் காற்று சீறிக்கொண்டிருந்தது கண்ணாடியைத் தாண்டி எனக்குக் கேட்டது. குழந்தை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் விழித்துவிடுவாள் என்பதுபோல உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். நீ அதற்குக் காற்றுக் கொடுக்கும் கம்ப்ரசரை நிறுத்தினாய், முகமூடியைக் கழற்றினாய், அந்தக் கிழ அரசிப் பொம்மையை ஓரம் பூசாமலேயே பெட்டிக்குள் வைத்து மூடினாய். இரவு சாப்பிடும்போது உப்பு வேண்டுமா என்று மட்டும்தான் என்னிடம் கேட்டாய். அதற்குப் பதில் சொன்னேன்.

நாளை மறுநாள் மாப்பிள்ளை வேன் கொண்டு வருகிறார். நீயும் குழந்தையும் வெலிமடைக்கு, உன் புகுந்த வீட்டுக்குப் போகிறீர்கள். அதற்கு முன் நாளை அந்தப் பொம்மை தபாலில் போயாக வேண்டும். சுண்டுவிரல் உயரமுள்ள ஒரு பொம்மையின் மேலங்கி ஓரம் எப்படி வருகிறது என்பதில் உன் வேலை இருக்கிறது. பொம்மைக் கம்பெனிக்காரர்கள் ஏற்றுக்கொண்டால் கம்ப்ரசர் உன்னோடு வெலிமடைக்கு வரும். இல்லாவிட்டால் இங்கேயே என் பழைய டியூஷன் அறையில் துணி போர்த்திக் கிடக்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் வாயைத் திறக்க முடியவில்லை. நேரில் சொல்ல வந்தால் உன் அம்மா குறுக்கே வருவாள், நானும் பாதியில் நிறுத்திவிடுவேன். எழுதினால் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். உன் கேள்விக்கான பதில் இரண்டே வார்த்தைகள்தான். ஆனால் அதைச் சொல்லுமுன் நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு என் பதிலை எடுத்துக்கொள்வதா விடுவதா என்று நீ முடிவு செய்.

தலைப்பிரசவத்துக்கு நீ இங்கே வந்தபோது பெட்டி படுக்கையோடு அந்த கம்ப்ரசரும் வந்து இறங்கியதைப் பார்த்து உன் அம்மா, “என்னடி இது, சைக்கிள் கடையையே தூக்கிட்டு வந்துட்டியா?” என்று கேட்டாள். கதை சொல்லி ஆடும் மேசை விளையாட்டுகளுக்குப் பொம்மை செய்யும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று உனக்கு ஐந்து உருவங்கள் அனுப்பியிருந்தது. மந்திரவாதி, குறி சொல்பவன், இரட்டைச் சகோதரிகள், ஒரு கிழ அரசி. ஐந்து பேருக்கும் தரை தொடும் அங்கி, மேலங்கி. அந்த ஐந்தும் பிடித்துவிட்டால் இனி அவர்களுடைய எல்லா உருவங்களுக்கும் வர்ணம் பூசுவது நீதான் என்று சொல்லியிருந்தார்கள். முகங்களையும் கைகளையும் நீ தூரிகையால் முடித்திருந்தாய். அரசியின் முகத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது. இமைக்கு மேல் இருந்த சுருக்கம்கூடத் தெரிந்தது. துணிகள் மட்டும் மீதி. துணியின் மடிப்பில் வெளிச்சம் மெல்ல மெல்ல இருட்டாக மாறுவது தூரிகையால் வராது, காற்றால் ஊதித்தான் வரும் என்றாய். அந்த வாரம்தான் டாக்டர், குழந்தை பிறக்கும் வரை வர்ணப் புகை இருக்கும் அறைக்குள்ளேயே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

நீ அழவில்லை. வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்தாய். “அப்பா, உங்க கை நடுங்காதுல்ல?” என்றாய்.

என் கை நடுங்காது. நடுங்குவது வேறு ஏதோ. இந்த ஊரில் என்னிடம் விஞ்ஞானம் படித்தவர்கள் என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். நான் படிப்பித்த அதே பள்ளிக்கூடத்தில் படித்த நீயும் அதைக் கேட்டு வளர்ந்தவள். சொட்டு சார். ஆய்வுகூடத்தில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறும் இடத்தைக் காட்டும் பாடத்தில், ஒரு சொட்டு கூடிவிடுமோ என்று நான் நிறுத்தி நிறுத்தி விடுவேன். நிறம் மாறுவதற்குள் மணி அடித்துவிடும். பிள்ளைகள் நிறமே பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்து எழுதிப் பாஸ் பண்ணினார்கள். ஹல்துமுல்லைப் பள்ளிக்கூடத்துக்கு உப அதிபராகப் போகிறீர்களா என்று கேட்டபோது யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்து முடிப்பதற்குள் வேறொருவர் போய்ச் சேர்ந்திருந்தார். நீ எந்தப் பாடம் எடுப்பது என்று கேட்டபோது டீச்சரிடம் கேள் என்றேன். மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டபோது அம்மாவிடம் கேள் என்றேன். அதற்குப் பிறகு நீ என்னிடம் எதையும் கேட்பதில்லை. என் கை நடுங்குமா என்று கேட்டதுதான் பல வருடங்களுக்குப் பிறகு என்னிடம் வந்த முதல் கேள்வி. அதனால்தான் சரி என்றேன். தைரியத்தால் அல்ல.

நீ சொல்லிக்கொடுத்தது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. விசையைக் கீழே அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் வர்ணம். தொடங்கும்போது முதலில் காற்று, பிறகு வர்ணம். முடிக்கும்போது முதலில் வர்ணத்தை நிறுத்து, பிறகு காற்றை. கை இதற்கெல்லாம் முன்னாலேயே நகரத் தொடங்கியிருக்க வேண்டும். நின்ற இடத்தில் நின்றுகொண்டு இழுத்தால் வர்ணம் குளமாகிவிடும், காற்று அதைத் தள்ளிச் சிலந்திக் கால்போல நாலா பக்கமும் ஓடவிடும். எனக்கு வந்ததெல்லாம் சிலந்திகள்தான். யோகட் சாப்பிடும் பிளாஸ்டிக் கரண்டிகளை வரிசையாக நட்டுவைத்துப் பழகச் சொன்னாய். கரண்டிக்கு ஒரு சிலந்தி. பிறகு என் கைக்குட்டையைக் கஞ்சியில் முக்கி, சோடாப் போத்தலின் மேல் போர்த்திக் காயவைத்து, இதுதான் மேலங்கி என்றாய். மடிப்பின் முதுகில் வெளிச்சம், பள்ளத்தில் இருட்டு. உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “அறுபத்தெட்டு வயசுல ஒரு மனுசன் போத்தலுக்குச் சேலை கட்டிப் பாக்குறாரு. இதைப் போயி நான் யார்கிட்ட சொல்றது?” என்றாள். நீ சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. “அம்மா, நீங்க சும்மா இருங்க. அப்பாவுக்குப் பயத்துல கை நின்னுடுது. நீங்களும் பயமுறுத்தாதீங்க.”

அறைக்குள் நான், முகமூடியோடு. மூடிய கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே, பின்பக்கத்துத் தகரக் கூரையின் கீழ் நீ, வயிற்றின் மேல் தலையணை. மழைக்காலம் தொடங்கியிருந்தது. தகரத்தில் மழை விழுந்தால் நீ கத்துவது எனக்குக் கேட்காது. அதனால் கண்ணாடியில் தட்டுவது என்று பேசிக்கொண்டோம். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போ. உண்மையைச் சொன்னால் என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் வேலை செய்ததே இல்லை. ஒவ்வொரு ஊதலுக்கும் முன்னால் உன்னைப் பார்ப்பேன். நீ தட்டுவாய். நான் செய்வேன். தப்பு வந்தால் அது தட்டியவளுடையது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

எனக்கென்று இருந்த ஒரே பொறுப்பு தண்ணீர். பதுளையின் மழைக்காலக் காற்றை கம்ப்ரசர் உள்ளே இழுத்து அழுத்தினால் அதிலுள்ள ஈரம் குழாயில் தண்ணீராகிறது. குழாயின் நடுவே அதைப் பிடிப்பதற்கு ஒரு சின்னக் குப்பி. அது நிறைந்துவிட்டால் வர்ணத்தோடு ஒரு துளி தண்ணீர் துப்பும். துப்பினால் பூசிய மேலங்கி அந்த இடத்தில் கழுவிக்கொண்டு போய்விடும். நான் மணிக்கணக்குப் பார்க்காமல் குப்பியைத் திறந்து வடித்துக்கொண்டே இருந்தேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். “அப்பா, காலியா இருக்கிறத ஏன்ப்பா தொறக்குறீங்க!” ஆனாலும் மந்திரவாதியின் கருநீலம் வந்தது. குறி சொல்பவனின் காவி வந்தது. சகோதரிகளின் பச்சையில் நீ தட்டுவதற்கு முன்னாலேயே என் கை நகரத் தொடங்கியிருந்ததை நீ கவனித்தாயோ என்னவோ. நான் கவனித்தேன். உடனே பயந்து நிறுத்திவிட்டேன்.

இடையில் உன் மாமியார் வெலிமடையிலிருந்து லீக்ஸும் உருளைக்கிழங்கும் மூட்டையாகக் கொண்டு வந்தார். முகமூடியோடு நான் அறையிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார், பாவம். பிறகு உன்னிடம் சொன்னார்: “இங்க பாரும்மா, எங்க தோட்டத்துல கிழங்குக்கு மருந்தடிக்கிறவனே மூக்கைக் கட்டிக்கிட்டு வெட்டவெளியில அடிக்கிறான். நீ பச்சைப் புள்ளைய வச்சிக்கிட்டு வீட்டுக்குள்ள அடிக்கப் போறியா?”

“அத்தை, இது மருந்து இல்ல. தண்ணி பெயிண்ட்.”

“எதா இருந்தா என்ன, மெசினு அதே மெசினுதானே? நான் வேணாம்னு சொல்லல. நெலையான வேலைன்னு அவங்க சொல்லட்டும், பின்னால இருக்கிற ஸ்டோர் ரூமைக் காலி பண்ணி ஜன்னல் வச்சித் தாறோம். சும்மா அப்பப்ப வர்ற வேலைக்கு எல்லாம் வேணாம். மெசினு இங்கேயே கெடக்கட்டும், புள்ள வளரட்டும்.”

அவர் பேசியதில் தப்பு இல்லை. நீயும் அப்படித்தான் சொன்னாய். ஆனால் அவர் போன பிறகு கிழ அரசியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாய். நாலு பேரையும் விட அவளுடைய மேலங்கிதான் பெரியது. ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் இருக்கும் ஒரு பாறையில் குறுக்காக நடந்து வருகிறாள், தலையில் முக்காடு, கையில் கோல். கருஞ்சிவப்பு. ஓரத்துக்குப் புழுதி நிறம். ஐந்து பேருக்கும் ஓரம் புழுதி நிறம்தான் என்று கம்பெனிக்காரர்கள் எழுதியிருந்தார்கள். நீண்ட பாதை நடந்து வந்தவர்கள், துணியின் கீழ் விளிம்பில் மண் ஏறியிருக்கும். மற்ற நால்வருக்கும் நீ தட்ட, நான் அதைச் சரியாகவே ஊதியிருந்தேன்.

கடைசி நாள் மத்தியானம் மழை தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது. மறுநாள் காலை பெட்டியை எடுத்துப் போக ஆள் வருவதாக இருந்தது. அரசியின் முகத்தில் வர்ணம் படாமலிருக்க ரப்பர் பால் போன்ற திரவத்தைப் பூசிக் காயவைத்திருந்தோம். இருட்டுக்குக் கறுப்பும் வெளிச்சத்துக்கு வெள்ளையும் அடித்தாயிற்று, அதன் மேல் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. தோளிலிருந்து முழங்கால் வரை வந்தாயிற்று. அப்போது கண்ணாடியில் தட்டு விழுந்தது. ஒன்று அல்ல, இரண்டும் அல்ல, தொடர்ச்சியாக. நான் ஏதோ கெடுத்துவிட்டேன் என்று நினைத்து விரலை எடுத்துவிட்டு பொம்மையைத்தான் பார்த்தேன். உன்னைப் பார்க்கவில்லை. பொம்மையில் ஒரு குறையும் தெரியாத பிறகுதான் நிமிர்ந்தேன். நீ ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாய்.

உன் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பக்கத்து வீட்டு த்ரீவீல் ஆட்டோ வாசலுக்கு வந்தது. நான் முகமூடியைக் கழற்றாமல் பின்னாலேயே வந்தேன். நீ ஏறி உட்கார்ந்த பிறகும் கத்தினாய்: “அப்பா, கோப்பையில பெயிண்ட் இருக்கு, காஞ்சிடும்! முடிச்சிடுங்க! ஓரத்துக்குப் புழுதி கலரு, மறந்துடாதீங்க!” உன் அம்மா, “அடியே, புள்ளையப் பெத்துக்கப் போறியா, பொம்மைக்குப் பொடவை கட்டப் போறியா?” என்றாள். நானும் ஏறப் போனேன். “நீங்க வந்து என்ன பண்ணப் போறீங்க? ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு நடுங்குறதுக்கு இங்கேயே நில்லுங்க. அவ மனசு அதுலதான் இருக்கு. முடிச்சி வைங்க” என்றாள். த்ரீவீல் இறக்கத்தில் திரும்பி மறைந்தது.

இங்கேதான் உனக்குத் தெரியாதது இருக்கிறது. அன்று பதற்றத்தில் அப்பா புழுதி நிறத்தை மறந்துவிட்டார் என்று உன் அம்மா பிறகு சொன்னாள். நீயும் நம்பினாய். நான் தலையை ஆட்டினேன். தர்ஷினி, நான் மறக்கவில்லை. புழுதி நிறத்தை அளந்து, கலந்து, கோப்பையில் ஊற்றி வைத்திருந்தேன்.

அறைக்குள் திரும்பிப் போனேன். உன் நாற்காலி வெளியே காலியாக இருந்தது. மீதிச் சிவப்பை நானே முடித்தேன். தட்டு இல்லை, அதனால் ஒவ்வொரு ஊதலுக்கும் முன் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்று தெரிந்து, மறுபடியும் பொம்மையைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியைப் பார்ப்பது நின்றுவிட்டது. ஓரத்துக்கு வந்தேன். புழுதி நிறம் ஊற்றிய ஏர்பிரஷ்ஷைக் கையில் எடுத்து, முதலில் காற்று என்று விசையை அழுத்தினேன். பொம்மையைக் கண் உயரத்துக்குத் தூக்கிப் பின்பக்கமாகத் திருப்பினேன். அப்போது அவள் எனக்கு முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் என் அப்பா கவ்வாத்து வெட்டினார். தேயிலைச் செடியைத் தாழ்வாகக் கத்தரித்து விடுகிற வேலை. காலையில் அவர் மலைக்குப் போகும் குறுக்குப் பாதையிலேயே கொஞ்ச தூரம் போனால்தான் என் பள்ளிக்கூடம். மழைக்கு அவர் தலையோடு போர்த்திய கம்பளியின் ஓரம்தான், ஏற்றத்தில் பின்னால் நடந்த என் கண் உயரம். அது நாறும். நனைந்தால் ஆட்டுக் கொட்டில் வாடை. அதை நினைத்து நான் உருகவில்லை. இன்றைக்கும் எனக்கு அந்த வாடை பிடிக்காது. ஆனால் அந்த ஓரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தவன் நான். இந்த மலையில் போர்வை ஓரத்தில் புழுதி ஏறி நான் பார்த்ததில்லை. இருட்டுத்தான் ஏறும். தண்ணீர் கீழிருந்து மேலே, சமமில்லாமல், ஒரு பக்கம் தொடை வரை, மறுபக்கம் கணுக்கால் வரை. நனைந்த இடத்தில் மடிப்பு விரியாது, ஒட்டிக்கொள்ளும். மடிப்பின் முதுகில் வெளிச்சம் இருக்காது. பாறையின் குறுக்கே நடந்து போகும் ஒருத்தியின் ஓரத்தில் என் கையால் காய்ந்த மண்ணை ஊத முடியவில்லை.

புழுதியைக் கொட்டினேன். கோப்பையைக் கழுவினேன். சிவப்பில் கறுப்பும் கொஞ்சம் நீலமும் கலந்தேன். கை முன்னாலேயே நகர்ந்தது. சிலந்தி வரவில்லை. யாரும் தட்டவில்லை, நானும் நிறுத்தவில்லை. குப்பியை வடிக்கக்கூட மறந்துவிட்டேன். தண்ணீர் துப்பியிருந்தால் எல்லாம் போயிருக்கும், ஆனால் துப்பவில்லை. முடித்து, முகத்தின் மேலிருந்த ரப்பர் தோலை உரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. “பொம்பளைப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நீங்க சாப்பிட்டீங்களா?” என்றாள் உன் அம்மா. நான் ஆமாம் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை. என் முன்னால் கிழ அரசியின் முகம் திறந்திருந்தது.

மறுநாள் காலை ஆள் வந்தபோது உன்னிடம் போனில் கேட்டிருக்கலாம். ஒரு படம் எடுத்து அனுப்பியிருக்கலாம். செய்யவில்லை. ஆஸ்பத்திரியில் நீ, “முடிச்சிட்டீங்களாப்பா? நல்லா வந்துச்சா?” என்றபோது, “பார்த்துத்தான் அனுப்பினேன்” என்றேன். நல்லா வந்தது என்றும் சொல்லவில்லை, மாற்றிவிட்டேன் என்றும் சொல்லவில்லை. நீ களைப்பில் கண்ணை மூடிக்கொண்டாய்.

கம்பெனிக்காரர்களுடைய பதில் வந்த அன்று நீ குழந்தையைக் குளிப்பாட்டி முடித்து அடுக்களையில் உட்கார்ந்திருந்தாய். போனைப் படித்தாய். மறுபடி படித்தாய். நான்கு சரி. ஐந்தாவது சொன்னபடி இல்லை. எங்கள் கதையில் இவர்கள் மழையே இல்லாத நாட்டைக் கடந்து வருகிறவர்கள், இவள் மட்டும் ஏன் நனைந்திருக்கிறாள்? திருப்பி அனுப்புகிறோம், சரிசெய்து அனுப்புங்கள், அதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம். படத்தையும் சேர்த்திருந்தார்கள். நீ படத்தைப் பெரிதாக்கி ஓரத்தைப் பார்த்தாய். “அப்பா, நான் என்ன சொல்லிட்டுப் போனேன்?” என்றாய். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம். உன் அம்மாதான், “அன்னைக்கு அவருக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. மறந்திருப்பாரு, விடுடி” என்றாள். தவறு எங்களுடையது, சரிசெய்து தருகிறோம் என்று நீ அவர்களுக்கு எழுதினாய். எங்களுடையது என்று எழுதினாய். என்னுடையதை நீ பங்கு போட்டுக்கொண்டாய், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் கேட்டதில் தப்பு இல்லை. அது அவர்களுடைய கதை. அவர்களுடைய நாட்டில் மழை இல்லை என்றால் இல்லை. நான் பசறை மலையைக் கொண்டுபோய் அங்கே வைத்தேன். எவ்வளவு யோசித்தாலும் நான் செய்தது சரி என்று என்னால் நிறுவ முடியவில்லை. பரீட்சைத் தாளாக இருந்தால் நானே குறுக்கே கோடு போட்டிருப்பேன்.

நேற்று, குழந்தை பிறந்த பிறகு முதல் தடவையாக நீ முகமூடி போட்டு உள்ளே போனாய். நான் குழந்தையோடு வெளியே, உன் நாற்காலியில். இடுப்புக்குக் கீழே நான் பூசியதன் மேல் கறுப்பு அடித்தாய், மேலேயிருந்து வெள்ளை பிடித்தாய், சிவப்பு ஏற்றினாய். என் ஈரம் போய்விட்டது. சரியாகத்தான் செய்தாய், நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது. புழுதி நிறத்தைக் கோப்பையில் ஊற்றினாய். பொம்மையைக் கண் உயரத்துக்குத் தூக்கினாய். பின்பக்கமாகத் திருப்பினாய். ரொம்ப நேரம் பார்த்தாய். பிறகு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்துக் கேட்டாய், எந்தப் பக்கம் நனையும் என்று.

நான் எந்தப் பக்கம் நனைத்திருந்தேன் என்பதைப் படத்தில் பார்த்தவள் நீ; பிறகும் ஏன் கேட்டாய் என்று எனக்கு இன்னும் நிச்சயமாகத் தெரியவில்லை. நான் மறக்கவில்லை என்று கண்டுபிடித்துவிட்டாயா? அல்லது உன் கையும் என் கையைப் போல அந்த இடத்தில் நின்றுவிட்டதா? நான் பதில் சொன்னால் நீ நனைத்துவிடுவாய் என்று பயந்தேன். நனைத்தால் அந்த வேலை போகலாம். வேலை போனால் கம்ப்ரசர் இங்கே கிடக்கும். ஒவ்வொரு மழைக்காலமும் அந்தத் துணியைத் தூக்கிப் பார்க்கிறவன் நானாக இருப்பேன். புழுதி போடு என்று சொல்லலாமா என்றும் நினைத்தேன். அதுவே பத்திரமான பதில், என்னிடம் எப்போதும் கைவசம் இருக்கும் பதில். அதையும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் நீ அதைக் கேட்கவில்லை. நீ கேட்டது வேறு. இவ்வளவு வருடங்களில் நீ என்னிடம் கேட்டவற்றில் வேறு யாரிடமும் போய்க் கேள் என்று நான் அனுப்ப முடியாத கேள்வி அது ஒன்றுதான். டீச்சருக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது.

ஒரு தகப்பனாக உனக்குச் சொல்ல வேண்டிய புத்திமதி என்று பார்த்தால் இதுதான் இருக்கிறது: நாளைக்குப் புழுதி ஊதினால் அது கோழைத்தனம் என்று நினைக்காதே. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்து, உன் அறையையும் ஜன்னலையும் சம்பாதித்துக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை. நனைத்தால் அது எனக்காக என்றும் இருக்கக் கூடாது. அவர்கள் திரும்பவும் வேண்டாம் என்றால், அப்பா சொன்னார் என்று என் மேல் பழி போட உனக்கு வழி இருக்கக் கூடாது. நான் உன் தட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட மாதிரி நீ என் பதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாதே. எப்படிச் செய்தாலும் கை முன்னாலேயே நகரட்டும். நின்ற இடத்தில் இழுத்தால் என்ன ஆகும் என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய்.

இனி நீ கேட்டது. மேட்டுப் பக்கம். குறுக்குப் பாதையில் நடக்கும்போது பள்ளத்துப் பக்கச் செடி காலுக்குக் கீழே இருக்கும், அதில் ஓரம் படாது. மேட்டுப் பக்கச் செடி பாதையின் மேல் சாய்ந்து இடுப்பளவுக்கு நிற்கும். நடக்கிறவர் அதன் மேல் உரசிக்கொண்டே போவார். அதனால் அந்தப் பக்கம் தொடை வரை நனையும், மறுபக்கம் குதிகால் தெறித்த தண்ணீர் மட்டும். உன் அரசி நிற்கும் பாறையில் மேடு அவளுடைய இடது கைப் பக்கம்.

இந்தக் கடிதத்தைக் கம்ப்ரசரின் மேல் வைக்கிறேன். குப்பியை வடித்துவிட்டேன், காலியாகத்தான் இருந்தது. நாளைக் காலை நீ உள்ளே போகும்போது நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே நிற்பேன். நீ என்ன ஊதினாலும் பார்த்துக்கொண்டிருப்பேன். தட்ட மாட்டேன்.

அப்பா